துண்டு போடாத ஏலம்

"ஏனுங்க தம்பி, ஆளையே ஏலம் போடறாங்களாமா? நெசமுங்களா?"

பீளமேட்டில் என் நண்பர் வீட்டுக் கூடத்தில் இந்தக் கேள்வி என்மேல் விழுந்தபோது என் வாய் நிறையப் பொரிகடலை. 2024-ஆம் வருஷம் அக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை. முதல்நாள் விஜயதசமி, அதற்கு முதல்நாள் ஆயுத பூஜை. நண்பருக்குப் பம்புசெட் பட்டறை. பட்டறையில் பூஜை போட்ட பொரியும் கடலையும் வெல்லமும் வீட்டில் அண்டா அண்டாவாக மீந்திருந்தன. அதைத் தீர்க்க ஒரு ஆள் வேண்டும் என்றுதான் என்னைக் கூப்பிட்டார்களோ என்னவோ! பத்திரிகைக்காரனைக் கூப்பிட்டால் வராமல் இருப்பானா?

கேட்டவர் நண்பரின் மாமியார். காங்கயத்துப் பக்கத்துக் கிராமம். பூஜைக்கு வந்தவர், தீபாவளி கழித்துத்தான் ஊருக்குப் போவதாக ஏற்பாடு. அவருக்கு இந்தச் சேதியைச் சொன்னவள் பேத்தி. பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், பள்ளிக்கூடத்து ஹாக்கி அணியில் ஆடுகிறாள். அன்று காலையிலிருந்து கைப்பேசியைக் கீழே வைக்கவில்லை. டில்லியில் ஹாக்கி இந்தியா லீக்கின் ஏலம். யாரை யார் எடுத்தார்கள், என்ன விலை என்பது நிமிஷத்துக்கு நிமிஷம் வந்துகொண்டிருந்தது.

"ஆமாங்கம்மா, நிஜம்தான்" என்றேன்.

"எவ்வளவுங்க?"

"அமுச்சி, ஹர்மன்பிரீத் சிங்கை எழுபத்தெட்டு லட்சத்துக்கு எடுத்துட்டாங்க!" என்றாள் பேத்தி, தானே எடுத்துவிட்டவள் போல.

பாட்டியம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "கண்ணபுரம் சந்தையில மாட்டுக்கு வெல பேசறப்பக்கூடக் கை மேல துண்டு போட்டு, உள்ளார வெரலப் புடிச்சுத்தான் பேசுவாங்க. மூணாம் மனுசனுக்குத் தெரியாது. இவங்க மனுசனுக்கு வெல போட்டு ஊருக்கெல்லாம் சொல்றாங்களே!"

நேயர்களே, இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெல்லக் கட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன்.

ஆனால் அந்த வீட்டில் இருந்த மற்றவர்களுக்கு அவரவர் கேள்விகள் இருந்தன. நண்பரின் மனைவிக்கு ஒரு கவலையும் இருந்தது. அது பின்னால் வெளிப்பட்டது. முதலில் அவர் கேட்டது கணக்கு.

"ஒருத்தருக்கே எழுபத்தெட்டு லட்சம் குடுத்துட்டா, மத்தவங்களுக்கு என்னங்க மிச்சம் இருக்கும்?"

குடும்பம் நடத்துகிறவர்கள்தான் இந்தக் கேள்வியை முதலில் கேட்பார்கள். விளையாட்டு ரசிகர்கள் கேட்பதில்லை. ஏலம் என்ற இந்த வித்தையின் முழு ரகசியமும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

அந்த வருஷம் ஆண்கள் பிரிவில் எட்டு அணிகள். ஒவ்வோர் அணியின் மடியிலும் 4 கோடி ரூபாய், அதற்கு மேல் ஒரு காசு கிடையாது. அந்தப் பணத்தில் 24 பேரை எடுக்க வேண்டும். பதினாறு பேர் இந்தியர், எட்டுப் பேர் வெளிநாட்டார். இந்தியரில் நான்கு பேராவது இளைஞர் பிரிவைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை. ஆட்டக்காரரின் ஆரம்ப விலை 2 லட்சம், 5 லட்சம், 10 லட்சம் என்று மூன்று படி. பெயர் கொடுத்து உட்கார்ந்திருந்தவர்கள் ஆண்களும் பெண்களுமாக ஆயிரத்துக்கு மேல். அப்படியானால் விலை போகாமல் வீடு திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டின் பேரில் ஓர் அணி இருந்தது: தமிழ்நாடு டிராகன்ஸ். இது நமக்குப் புதிசு. 2013-இல் இந்த லீக் தொடங்கி 2017 வரை நடந்தபோது நம் பேரில் அணி இல்லை. அதற்கும் முன்னால், 2005-இல் தொடங்கிய பிரீமியர் ஹாக்கி லீகில் சென்னை வீரன்ஸ் என்று ஒன்று இருந்தது. பிறகு வெகுநாள் வெறும் வயிறுதான்.

டிராகன்ஸ் அணி நெதர்லாந்தின் யிப் யான்சனுக்கு 54 லட்சம் கொடுத்தது. ஒடிசாவின் அமித் ரோஹிதாஸுக்கு 48 லட்சம். அயர்லாந்தின் கோல் காப்பாளர் டேவிட் ஹார்ட்டுக்கு 32 லட்சம். மூன்று பேருக்கு ஒரு கோடியே 34 லட்சம் போய்விட்டது. மீதி 2 கோடியே 66 லட்சம். அதில் 21 பேர் வரவேண்டும். தலைக்குச் சராசரி பன்னிரண்டே முக்கால் லட்சம்கூட இல்லை.

"தீபாவளிக்குத் துணி எடுக்கறாப்பல" என்றார் நண்பரின் மனைவி. "பெரியவளுக்குப் பட்டுன்னு ஆரம்பிச்சா, கடைசியில மாப்பிள்ளைக்கு வேட்டிதான் மிஞ்சும்."

"எனக்கு எப்பவும் வேட்டிதானே!" என்றார் நண்பர்.

துணிக்கடைக்கும் ஏலத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. துணிக்கடையில் எல்லாப் புடவையும் ஒரே சமயத்தில் விரிந்து கிடக்கும். புரட்டிப் பார்க்கலாம், வேண்டாம் என்று வைத்துவிட்டு மறுபடி எடுக்கலாம். ஏலத்தில் ஒவ்வொருவராகத்தான் வருவார். இவரை விட்டால் பின்னால் இவரைப்போல் ஒருவர் வருவாரா, வந்தாலும் நம் கைக்குச் சிக்குவாரா என்பது தெரியாது. முதலிலேயே அள்ளிக் கொடுத்தவன் பிற்பகலில் கையைப் பிசைகிறான். காத்திருந்தவன் பையில் பணத்தோடும் அணியில் ஓட்டையோடும் வீட்டுக்குப் போகிறான். இரண்டு தவற்றுக்கும் நடுவே ஒரு நூல் அளவு வழி இருக்கிறது. அதில் நடக்கத்தான் பயிற்சியாளரும் கணக்கப்பிள்ளையும் ஒரே மேஜையில் உட்காருகிறார்கள்.

கானடாவிலும் அமெரிக்காவிலும் வேறு முறை. அங்கே ஹாக்கி என்றால் பனித்தரையில் ஆடுவது. அவர்களுடைய தொழில்முறை லீகில் 1963-ஆம் வருஷம் மாண்ட்ரியால் நகரத்தில் 'டிராஃப்ட்' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். விலை கூறுவதில்லை. முறை வைத்து ஒவ்வோர் அணியாக ஒரு பையனின் பேரைச் சொல்லும். சொன்னால் அவனோடு ஒப்பந்தம் செய்யும் உரிமை அந்த அணிக்கு. பெரும்பாலும் பதினெட்டு வயசுப் பையன்கள். இதில் ஓர் அழகு என்னவென்றால், முந்தின வருஷம் மட்டமாக ஆடிய அணிகளுக்கு முன்வரிசையில் இடம். பந்தியில் நோஞ்சான் பிள்ளைக்கு முதல் இலை போடுகிற மாதிரி.

அங்கே வருஷா வருஷம் ஒரு சர்ச்சை ஓயாமல் நடக்கும். நம் அணியில் தடுப்பாட்டக்காரர் இல்லை. ஆனால் நம் முறை வரும்போது மீதியிருப்பவர்களில் சிறந்தவன் ஒரு முன்கள ஆட்டக்காரன். யாரை எடுப்பது? ஓட்டையை அடைப்பதா, உசத்தியானதை எடுப்பதா? என் அபிப்பிராயத்தைக் கேட்டால், பதினெட்டு வயசுப் பையன் விஷயத்தில் உசத்தியானவனைத்தான் எடுக்க வேண்டும். அவன் பெரிய ஆட்டத்துக்குத் தயாராக மூன்று நான்கு வருஷம் ஆகும். அதற்குள் இன்றைக்கு இருக்கிற ஓட்டை அடைபட்டுவிடும், வேறு இடத்தில் ஓட்டை விழும். ஆனால் நம் ஹாக்கி ஏலம் அப்படியல்ல. அக்டோபரில் வாங்கியவர் டிசம்பர் கடைசியில் மைதானத்தில் நிற்க வேண்டும். இங்கே ஓட்டைதான் எஜமான்.

"அந்த ஓட்டை என்னங்க? எனக்குப் புரியறாப்பல சொல்லுங்க" என்றார் நண்பரின் மனைவி. பேத்தி கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஹாக்கியில் 'பெனால்டி கார்னர்' என்று ஒன்று உண்டு. கோலுக்கு முன்னால் அரைவட்டமாகக் கோடு போட்டிருக்கும். அதற்குள் எதிரி குற்றம் செய்தால் இது கிடைக்கும். கோல் கோட்டிலிருந்து ஒருவர் பந்தை வெளியே தள்ளுவார். அரைவட்டத்துக்கு வெளியே ஒருவர் அதை நிறுத்துவார். மூன்றாமவர் மட்டையால் பந்தை இழுத்துக்கொண்டு வந்து சுண்டி எறிவார். கண் மூடித் திறப்பதற்குள் பந்து வலைக்குள் இருக்கும். அந்த மூன்றாமவர்தான் விலை உயர்ந்த சரக்கு. ஹர்மன்பிரீத் அந்த ரகம், யான்சன் அந்த ரகம், ஹைதராபாத் அணி 68 லட்சம் கொடுத்து எடுத்த கொன்ஸாலோ பெய்லாட்டும் அந்த ரகம்.

(இங்கே ஒரு வேடிக்கை. 2016-ஆம் வருஷத்து லீகில், ஓடியாடி மைதானத்தில் போடும் கோல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கோல் என்று சட்டம் வைத்தார்கள். பெனால்டி கார்னர் கோலுக்கு ஒன்றுதான். ஒரு வரி சட்டத்தை மாற்றினால் போதும், சந்தையில் ஓர் ஆளின் மதிப்பே ஏறி இறங்குகிறது!)

சரி, சுண்டுகிறவருக்குக் காசு கொடுக்கிறார்கள், புரிகிறது. ரோஹிதாஸுக்கு ஏன் 48 லட்சம்? அவர் பேர் கோல் போட்டவர்கள் பட்டியலில் அதிகம் வராதே?

பெனால்டி கார்னரின்போது தடுக்கிற கட்சியில் ஐந்து பேர்தான் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம், கோல் காப்பாளரையும் சேர்த்து. பந்து தள்ளப்பட்ட கணத்தில் அவர்களில் ஒருவர் வில்லிலிருந்து விட்ட அம்பு மாதிரி வெளியே ஓட வேண்டும். எங்கே? சுண்டப் போகிறவருக்கு நேர் எதிரே! பந்து வரும் வழியில் தன் மட்டையையும், மட்டை தவறினால் தன் உடம்பையும் வைத்துத் தடுக்க வேண்டும். முகத்துக்கு ஒரு கவசம், முழங்காலுக்கு ஓர் உறை. அவ்வளவுதான் துணை. ரோஹிதாஸ் அந்த முதல் ஓட்டக்காரர்.

அவர் மதிப்பு எப்போது தெரிந்தது என்றால், அவர் இல்லாத அன்று தெரிந்தது. 2024 ஆகஸ்ட் 4, பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டனோடு கால் இறுதி. ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பிவிட்டார்கள். மீதிப் பத்துப் பேர் சமாளித்து ஆடி, கடைசியில் ஷூட் அவுட்டில் இந்தியா ஜயித்தது. ஆனால் அடுத்த ஆட்டத்துக்கும் அவருக்குத் தடை. ஆகஸ்ட் 6, அரை இறுதியில் எதிரே ஜெர்மனி. அந்தப் பக்கம் சுண்டுகிறவர் யார்? அதே பெய்லாட். அர்ஜென்டினாவில் பிறந்து, 2016-இல் அந்த நாட்டுக்காக ரியோவில் தங்கம் வாங்கி, பிறகு ஜெர்மனிக்கு ஆடப் போனவர். பெனால்டி கார்னரில் அவர் ஒரு கோல் போட்டார். ஆட்டம் 3-2 என்று ஜெர்மனிக்குப் போயிற்று. ரோஹிதாஸ் இருந்திருந்தால் அந்தக் கோல் விழுந்திருக்காது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் இரண்டு மாசம் கழித்து டில்லியில் ஏல மேஜையில் உட்கார்ந்தவர்கள் ஒருவரும் அந்த ஆட்டத்தை மறந்திருக்கவில்லை.

நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் பேத்தி, "அம்மா, நானும் அதுதான்!" என்றாள்.

கூடத்தில் சத்தம் அடங்கிவிட்டது.

"எது?"

"நம்ம டீம்ல பெனால்டி கார்னர்ல மொதல்ல ஓடறது நாந்தாம்மா."

"அடி கண்ணு, பந்துக்கு எதுத்தாப்பலயா ஓடறே?" என்றார் பாட்டியம்மாள்.

நண்பரின் மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்தக் குழந்தை இத்தனை நாளாக வீட்டில் 'பின்னால நின்னு ஆடறேன்' என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறாள். அது பொய்யும் அல்ல. முழங்கால் காயத்துக்குப் படியில் விழுந்தது, பஸ்ஸில் இடித்தது என்று காரணங்கள். பத்திரிகைக்காரன் வந்து நாலு பொரியைத் தின்றுவிட்டு அதை உடைத்துவிட்டான்.

அப்போதுதான் கவலையும் வெளியே வந்தது. பயிற்சி கொடுக்கிறவர், பெண்ணை அரசு விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறாராம். ஊரை விட்டு, வீட்டை விட்டுப் போக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வேறு வருகிறது.

"இத்தனை லட்சம்னு சொல்றீங்களே, அதுல பொட்டப்புள்ளைகளுக்கு ஏதாச்சும் உண்டுங்களா?"

உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. உண்டு, ஆனால் பாதி. பெண்கள் ஏலம் அக்டோபர் 15-ஆம் தேதி. ஆண்கள் அணிக்கு 4 கோடி என்றால் பெண்கள் அணிக்கு 2 கோடி. ஆள் எண்ணிக்கை அதே 24. அதில் மிக உயர்ந்த விலை போனவர் ஹரியானாவின் உதிதா, 32 லட்சம். அவரும் தடுப்பாட்டக்காரர்தான் என்று பின்னால் தெரிந்தபோது பேத்திக்கு ஏக சந்தோஷம். நெதர்லாந்தின் யிப்பி யான்சனுக்கு 29 லட்சம். ஆறு அணிகள் என்று முதலில் சொன்னார்கள். 2025 ஜனவரியில் ராஞ்சியில் ஆட்டம் தொடங்கியபோது நாலே அணிகள். டில்லி, ஒடிசா, வங்காளம் ஆகியவற்றின் பேரில் மூன்று, சூர்மா என்ற வடக்கத்தி அணி ஒன்று. தமிழ்நாட்டின் பேரில் பெண்கள் அணி இல்லை. ஆண்களுக்கு டிராகன்ஸ் வாங்கியவர்கள் பெண்களுக்கும் ஒன்று வாங்கியிருக்கக் கூடாதா என்று எனக்கு இன்றுவரை ஓர் ஆதங்கம்.

நம் பையன்களுக்கு மட்டும் இது எப்படிக் கைகூடியது என்றால், ஒரே நாளில் அல்ல. டிராகன்ஸில் ஆடிய கார்த்தி செல்வம் அரியலூர்க்காரர், கோவில்பட்டி விடுதியில் பழகியவர். 2022 மே மாசம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. இந்தியாவுக்காக அவர் ஆடிய முதல் ஆட்டமே பாகிஸ்தானோடு. அதில் கோல் போட்டார், ஆட்டம் 1-1. மறுவருஷம் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை அரை இறுதியிலும் ஜப்பானுக்கு எதிராக ஒரு கோல். கோவில்பட்டியில் மட்டும் ஹாக்கி ஏன் இப்படி வேர் பிடித்தது? அங்கே பஞ்சாலைகள் இருந்தன. நம் கோவை லட்சுமி மில்லுக்குக்கூட அங்கே ஓர் ஆலை உண்டு. மட்டை பிடிக்கத் தெரிந்தவனுக்கு மில்லில் வேலை கிடைத்தது. வேலை கிடைக்கும் என்று தெரிந்ததும் தகப்பன்மார் பையன் கையில் மட்டையைக் கொடுத்தார்கள். கோவையிலும் ஆலைக்குக் குறைவா? 2004-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஆடிய ஆடம் சின்க்ளேர் பிறந்த ஊர் கோவைதான். ஆனால் ஒற்றை மரம் தோப்பாகிவிடுமா?

"லீகை விடுங்கள்" என்றேன் நண்பரின் மனைவியிடம். "அது மழை மாதிரி, வந்தால் வரும். ரயில்வேயில் பெண்கள் ஹாக்கிக்கு வெகுகாலமாக வேலை கொடுத்து வருகிறார்கள். இந்தியாவுக்கு ஆடிய பெண்களில் எத்தனையோ பேர் ரயில்வே ஊழியர்கள். தமிழ்நாட்டு அரசு வேலையிலும் விளையாட்டுக்கு 3 சதவீதம் ஒதுக்கியிருக்கிறது. விடுதியில் சேர்ந்தால் படிப்பு நிற்காது. ஆனால் ஒன்று, தேர்வுக்குப் போனாலே எடுத்துவிடுவார்கள் என்பது இல்லை. அங்கேயும் அவர்களுக்கு என்ன ஓட்டை இருக்கிறதோ, அதைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். பத்துப் பேர் முன்னால் நின்று கோல் போட ஆசைப்படுவார்கள். எதிரே ஓடுகிறவள் ஒருத்தி கிடைப்பதுதான் அபூர்வம்."

அவர் பதில் சொல்லவில்லை. நண்பர், "அரைப் பரீட்சை முடியட்டும், பார்க்கலாம்" என்றார். அது ஆண்பிள்ளைகள் சொல்கிற வழக்கமான பதில்.

அதிக விலையே அதிக லாபம் என்றும் நினைத்துவிடாதீர்கள். நம் கோவை கிங்ஸ் கிரிக்கெட் அணியையே பாருங்கள். தமிழ்நாடு பிரீமியர் லீகில் முறை வைத்து ஆள் எடுப்பதை விட்டு 2023-இல் முதல் தடவையாக ஏலம் வைத்தார்கள். அணிக்கு 70 லட்சம். அதில் சாய் சுதர்சனுக்கு மட்டும் 21 லட்சத்து 60 ஆயிரம் கொடுத்தது கோவை. அந்த வருஷம் கோப்பையும் கோவைக்கே. ஆனால் திருநெல்வேலியில் நடந்த இறுதி ஆட்டத்தில் கோவை 205 ஓட்டம் குவித்தபோது, மூன்று அரைச் சதங்களும் வேறு மூன்று பேர் மட்டையிலிருந்து வந்தன.

ஹாக்கியில் டிராகன்ஸ் கதை அவ்வளவு சுபமாக முடியவில்லை. 2025 பிப்ரவரி 1-ஆம் தேதி மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் சூர்மாவிடம் 1-2 என்று தோற்று நான்காவதாக நின்றது. அன்றைக்கே ரூர்கேலாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் வங்காள அணி ஹைதராபாத்தை 4-3 என்று ஜயித்தது. நாலு கோலில் மூன்று ஜுக்ராஜ் சிங் போட்டவை. அவரும் பெனால்டி கார்னர் ஆசாமி.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கே திரும்பி வருகிறேன். நான் புறப்படும் நேரம். தலைக்கு ஒரு பை பொரி கட்டிக் கொடுத்தாயிற்று. நண்பரின் மனைவி உள்ளே போய், பெண்ணின் விளையாட்டுப் பையை எடுத்துவந்து, அதிலிருந்த முகக் கவசத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வார் ஒன்று நைந்திருந்தது.

"இது என்ன வெல?" என்றார் மகளிடம்.

"ஸ்கூல்துமா. எல்லாருக்கும் அதே ஒண்ணுதான்."

"உன்ற மூஞ்சிக்குச் சரியா இருக்கறது கோயமுத்தூர்ல கெடைக்குமா?"

பேத்தி பதில் சொல்லவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டியம்மாள் அவளைக் கூப்பிட்டார். "வா அம்மிணி, இப்படி உக்காரு." மாப்பிள்ளையின் தோளில் கிடந்த துண்டை வாங்கி, தன் வலது கைமேலும் பேத்தியின் கைமேலும் போட்டார். "உங்க அப்புச்சி காளை வாங்கப் போனா இப்படித்தான். நான் இப்ப உனக்கு ஒரு வெல சொல்றேன். புடிச்சிருந்தா என்ற வெரல அழுத்து. வெளிய சொல்லப்படாது."

துண்டுக்குள் என்னவோ நடந்தது. பேத்தி சிரித்தாள், தலையை ஆட்டினாள், பிறகு மறுபடி யோசித்தாள். பாட்டியம்மாள் விடவில்லை. கடைசியில் விலை படிந்துவிட்டது என்று இருவர் முகத்திலும் தெரிந்தது.

"எவ்வளவுங்கம்மா?" என்று வாசற்படியிலிருந்து கேட்டேன்.

"அது எங்க வீட்டுக் கணக்குங்க தம்பி. நீங்க பத்திரிகைக்காரரு. பொரியை எடுத்துட்டுப் போயிட்டு வாங்க."